துட்டு மட்டும் தங்கிய ஊர்

ஏரிமுனையில் பணத்துக்கு இருந்த பெயர்களில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போன வியாழக்கிழமை காலையில், நண்டு ஏலம் கூறும் ஏகவல்லிக்கு எதுவும் தொலைந்துபோகவில்லை. வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எழுந்தாள், முதுகு பிடித்துக்கொண்டு மூன்று வருஷமாகப் படுத்திருக்கும் கணவன் ஜெகநாதனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அங்கே வேலை கிடையாது என்பது ஊருக்கே தெரிந்திருந்தும் நடந்தாள், ஏனென்றால் பத்தொன்பது வருஷம் ஒரே நேரத்துக்கு ஒரே திசையில் போன கால்கள் சங்கத்தின் தீர்மானத்தைப் படித்திருக்கவில்லை.

தீர்மானம் வந்த கதை சிறியது. ஏரிமுனை நண்டு சிங்கப்பூர்வரைக்கும் போகிற நண்டு. சங்கத்துக்குப் புதிதாக ஏலக்கூடம் கட்டியிருந்தார்கள், தரைக்கு டைல்ஸ், தலைக்கு மேலே மின்விசிறி, மேடையில் மைக். அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் நான்கு பேர் வந்த அன்று, கரை மணலில் நின்று ஏகவல்லி ஏலம் கூறிக்கொண்டிருந்தாள்: நானூறு துட்டு, நானூற்றிப்பத்து துட்டு, நானூற்றியிருபது துட்டு. வந்தவர்களில் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு சங்கச் செயலாளர் தனஞ்செயன் காதுக்குள் குளித்த தண்ணீர்போல் புகுந்துகொண்டு பதினைந்து நாளாக வெளியே வரவில்லை. இரண்டு படகுக்குச் சொந்தக்காரர் அவர், இஸ்திரி போடாத சட்டையில் அவரை யாரும் பார்த்ததில்லை.

"இனிமே ஏலத்துல ரூபாய்னுதான் சொல்லணும்," என்றார் சங்கக் கூட்டத்தில். "துட்டு கிட்டுன்னு கள்ளுக்கடைப் பேச்செல்லாம் வேணாம்."

"சொல்லிப் பாத்தேன்ணா," என்றாள் ஏகவல்லி. "வாய்ல நிக்கல. ரூபாய்னா வாலு நீளமா கீது. அது முடியறதுக்குள்ள ஆளு தலையாட்டிட்டு நிக்கறான், எந்தத் தொகைக்கு ஆட்டினான்னு எனக்கும் தெரியல, அவனுக்கும் தெரியல."

"வாய்ல நிக்காட்டி வாயை மூடிக்க. வேற ஆளு சொல்லட்டும்."

அவள் சொன்னது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். ஏலம் கூறும்போது அவளுடைய இடது கால் கட்டைவிரல் மணலில் தாளம் போடும். தொகை சொல்லும்போது விரல் மேலே எழும், துட்டு என்னும்போது கீழே இறங்கும், விரல் மணலைத் தொடுகிற அந்த நொடியில் யார் புருவம் உயர்ந்ததோ அவனுக்கு அந்தத் தொகை. நாற்பது வியாபாரிகள் கூடி நிற்கிற இடத்தில் பத்தொன்பது வருஷமாக ஒரு சண்டை வந்ததில்லை. இதைத் தனஞ்செயன் அறியாதவரல்ல. ஆனால் கைக்குட்டைச் சிரிப்பு தாளத்தைவிடப் பெரிதாகக் கேட்டது அவருக்கு.

ஏகவல்லியை வேலையைவிட்டு எடுப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்குச் சம்பளம் கிடையாது, பத்துக் கூடைக்கு ஒரு நண்டு என்பதுதான் கூலி, ஆகவே எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை, பட்டியலில் இல்லாத பெயரை அடிக்க முடியாது. எனவே சங்கம் யோசித்து, அவளை விட்டுவிட்டு அவள் சொல்கிற சொல்லை ஊர்விலக்கு செய்வது என்று முடிவெடுத்தது. சொல் போனால் ஆள் தானே போவாள்.

ஊர்விலக்குக்கு ஏரிமுனையில் ஒரு முறை இருக்கிறது. தண்டோரா போடும் சாமிக்கண்ணு துறையில் நின்று, தண்ணீரைப் பார்த்தபடி தம்பட்டத்தைத் தட்டி, விலக்கப்பட்ட பெயரை மூன்று தரம் கூவ வேண்டும். பெயர் தண்ணீர்மேல் ஏறி முகத்துவாரம் தாண்டிப் போய்விடும். அந்தப் புதன்கிழமை மாலை இதைப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பச் செயலாளர் பொன்னேரியிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்திருந்தார். சாமிக்கண்ணுவின் முகம் படத்தில் விழ வேண்டுமானால் போட்டோக்காரர் தண்ணீரில் இறங்க வேண்டும், அவரோ புது ஷூ போட்டிருந்தார்.

"பெரியவரே, இப்படித் திரும்பி நில்லுங்க."

"தண்ணியப் பாத்துத்தான்யா சொல்லணும்."

"ஒரு நிமிஷம்தான். லைட் போவுது."

சாமிக்கண்ணு ஊரைப் பார்த்துத் திரும்பி நின்று துட்டு, துட்டு, துட்டு என்று மூன்று தரம் கூவினார். ஊரைப் பார்த்துச் சொன்னால் சொன்ன பெயர் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், உள்ளே இருந்தவை எழுந்து போய்விடும் என்பது ஏரிமுனையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் போட்டோ எடுக்கும்போது தெரிந்த விஷயங்கள் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

மறுநாள் காலை கூடத்தில் மைக்கைப் பிடித்தவன் யுகேந்திரன், செயலாளருடைய அக்கா மகன். பி.காம். முடித்தவன், சென்னையில் ஒரு மாலில் வாசலை மறைத்து நிறுத்திய கார்களின் எண்களை அறிவித்துக்கொண்டிருந்தவன், நல்ல குரல், நல்ல பையன். ஏகவல்லி கடைசி வரிசைக்குப் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றாள். யுகேந்திரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல் கூடை, நானூறு" என்றான். பிறகு வாயைத் திறந்தபடியே நின்றான். மின்விசிறி சுற்றியது. கூடைக்குள் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின.

"நானூறு இன்னா?" என்றார் ஒரு வியாபாரி.

"நானூறு…" என்றான் யுகேந்திரன் மறுபடியும். நெற்றியில் வேர்த்தது. மாமாவைப் பார்த்தான். தனஞ்செயன் எழுந்து, "சொல்லேன்டா, நானூறு…" என்று உதவிக்கு வந்து, அவரும் அந்த இடத்தில் நின்றுபோனார். வியாபாரிகள் ஒவ்வொருவராகத் தங்களுக்குள் சொல்லிப் பார்த்தார்கள். ரூபாய் இருந்த இடம் பல் விழுந்த இடம்போல் நாக்குக்கு வழுவழுப்பாக இருந்தது. பணத்தைத் தேடினார்கள், இல்லை. காசு இல்லை, பைசா இல்லை, ரொக்கமும் சில்லறையும் கேஷும் இல்லை. பொருள்களெல்லாம் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தன. பெயர்கள்தான் போயிருந்தன. தேடின நாக்குக்கு ஒன்றே ஒன்று அகப்பட்டது, அதைச் சொல்ல நாற்பது பேரும் வெட்கப்பட்டு நின்றபோது, கடைசியில் யுகேந்திரன் கண்ணை மூடிக்கொண்டு மைக்கில் சொன்னான்: "நானூறு துட்டு."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அவனுக்குத் தாளம் தெரியாததால் ஒரே தொகைக்கு ஏழு புருவங்கள் உயர்ந்தன, ஏழு பேரும் கூடையைப் பிடித்து இழுத்தார்கள், இரண்டு நண்டுகளுக்குக் கால் போயிற்று. "ஏய், ஏகவல்லியக் கூப்புடு," என்று யாரோ கத்தினார்கள். தனஞ்செயன் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வார்த்தை திரும்பி வர்ற வரைக்கும்தான்," என்றார். "தற்காலிகம். நல்லாக் கேட்டுக்க."

"கேட்டுக்கினேன்ணா," என்றாள் ஏகவல்லி. வெளியே போய் ஒரு கை மணல் அள்ளி வந்து டைல்ஸ்மேல் கொட்டிப் பரப்பி, அதன்மேல் இடது காலை வைத்தாள்.

அந்த நாளிலிருந்து ஊரில் ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்தச் சொற்கள் திரும்பி வரக் கூடாது என்கிற வேண்டுதல் இருந்தது. அவற்றில் எது முதலில் கரையேறினாலும் அவளுடைய இடம் போய்விடும். மற்றவர்களுக்கு வேறு கவலைகள்.

வங்கியில் மேலாளர் வரதராஜன் கும்பகோணத்துக்காரர், இருபத்தாறு வருஷம் கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்து சுத்தமான சொற்களில் இல்லை என்று சொல்லிப் பழகியவர். முதல் நாள் அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிச் சமாளித்தார். இரண்டாம் நாள் ஒரு வலைக்காரரிடம், "உங்க கணக்குல துட்டு இல்லீங்க," என்று சொல்லிவிட்டு அடிக்குப் பயந்தவர்போல் பார்த்தார். வலைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஒன்னாண்ட கீதா?" என்று கேட்டார். இருவரும் டீக்கடைக்குப் போனார்கள். துட்டு என்ற சொல்லில் மறுக்கப்படும்போது அவ்வளவாக வலிக்கவில்லை என்று ஊர் கண்டுகொண்டது, வங்கியில் கூட்டம் கூடியது.

பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் உங்கள் துட்டில் ஏழைக்குப் பங்கு உண்டு என்று இமாம் சொன்னபோது, பத்து வருஷமாக அதே செய்தியைக் கேட்டு வந்தவர்கள் அன்றுதான் தங்கள் சட்டைப் பையைப் பற்றிப் பேச்சு நடப்பதைப் புரிந்துகொண்டார்கள். மாதா கோவிலிலும் உண்டியல் கனத்தது. அம்மன் கோவிலில் நன்கொடைப் பலகை எழுதும் பெயிண்டரின் தூரிகை மற்ற பெயர்களை எழுத மறுத்ததால், பலகையில் அறங்காவலர் ஐயாயிரம் துட்டு என்று பச்சை வண்ணத்தில் எழுதப்பட்டது, அறங்காவலர் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த மீஞ்சூர் மாப்பிள்ளை வீட்டார் ரொக்கமாக எவ்வளவு என்று கேட்க வந்து, அந்த நாசூக்கான சொல் கிடைக்காமல், எவ்வளவு துட்டு தருவீங்க என்று பட்டவர்த்தனமாகக் கேட்க நேர்ந்தது. கேட்ட மாத்திரத்தில் அவர்களுக்கே முகம் சுருங்கிப்போய், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்று காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மாவட்டச் செய்திகளில் ஒரு நாளிதழ் இதைப் பற்றி நான்கு சென்டிமீட்டருக்கு ஒற்றைப் பத்தியில் போட்டது, மூன்று கால் கன்றுக்குட்டிக்குக் கீழே.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் கிராம சபையில் நடந்தது. புதிய கூடத்துக்கான செலவைத் தனஞ்செயன் வாசித்தார். வேறு நாளாக இருந்தால் லட்சங்களும் ரூபாய்களும் விசிறிக் காற்றோடு போயிருக்கும், கொட்டாவி விட்டுக் கைதூக்கி இருப்பார்கள். அன்று அவர், "மொத்தம் அறுபத்திரண்டு லட்சம் துட்டு," என்று வாசித்ததும் முன்வரிசையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு கிழவர் நிமிர்ந்தார்.

"யாரு ஊட்டுத் துட்டு?"

 ரூபாய்க்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, ரூபாய் யாருடையதாகவும் இல்லாமல் அதுபாட்டுக்கு இருக்கக்கூடியது. துட்டு அப்படியில்லை, அதற்கு எப்போதும் ஒரு மடி இருக்கும், ஒரு முந்தானை முடிச்சு இருக்கும்.

"நம்ம துட்டுதான்," என்றார் தனஞ்செயன், வேறு வழியில்லாமல்.

"நம்மளதா? அப்ப விசிறி எத்தன போட்டேன்னு சொல்லு."

பட்டியலில் பன்னிரண்டு விசிறி இருந்தது, கூடத்தில் எட்டு சுற்றியது. அடுத்த நாள் மாலைக்குள் மீதி நாலும் சுற்றின. அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் அன்றிலிருந்து கூடத்துக்குள் போகிறவர்கள் சொந்த வீட்டுக்குள் போவதுபோல் போனார்கள்.

வீட்டில் ஜெகநாதன் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். "இன்னாமே, ஒன் வார்த்த ராஜாவாயிடுச்சி போல," என்றான். "இனிமே ஒன்ன நிமிந்துதான் பாக்கணும். முதுவு வேற நோவுது."

"படுத்துக்கினே பாரு. போதும்."

"திரும்பி வந்துட்டா இன்னா பண்ணுவ? மத்த வார்த்தைங்க?"

ஏகவல்லி அரிசி களைந்தாள். ராத்திரி அவன் தூங்கியதும் வாய்க்குள் ரூபாய் என்று சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. நிம்மதியாகப் படுத்தாள்.

பதினோராம் நாள் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆள் வந்தார், கூடவே ஒரு பெண்ணும். நண்டைத் தரம் பிரிக்க அவர்கள் இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வரவழைத்திருந்த நூர்லேலா என்கிற பெண், ஐம்பது வயதிருக்கும், தலையில் மஞ்சள் துணி, நண்டின் வயிற்றுப்புறத்தை ஒரு விரலால் அழுத்தியே சதைக்கட்டு சொல்லிவிடுவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பினாங்கில் பத்து வருஷம் மளிகைக் கடை வைத்திருந்த காசிம் பாய்க்கு மலாய் தெரியும் என்பதால் அவரைத் துணைக்கு வைத்திருந்தார்கள். ஆனால் ஏலம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் காசிம் பாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏகவல்லியின் விரல் இறங்குகிற நொடியில் நூர்லேலாவின் புருவம் உயர்ந்தது, மிகச் சரியாக, பத்தொன்பது வருஷம் அந்த மணலில் நின்ற வியாபாரிகளைப்போல்.

ஏலம் முடிந்ததும் அவள் ஏகவல்லியிடம் வந்து, நெஞ்சில் கைவைத்து, "டுயிட்," என்றாள். ஏகவல்லியின் கால் விரலைச் சுட்டிக்காட்டி மறுபடியும், "டுயிட்."

"இன்னா சொல்லுது பாய் இந்தம்மா?"

"அவங்க ஊர்லயும் துட்டுக்கு அதான்மா பேரு," என்றார் காசிம் பாய். "பினாங்குலயும் அதேதான். நான் போன புதுசுல ஒரு மலாய்க்காரி எங்கிட்ட இதக் கேட்டா, நம்மூர்க்காரி போலன்னு தமிழ்ல பேசிட்டேன். அடிக்க வந்துட்டா."

ஏகவல்லி நூர்லேலாவைப் பார்த்தாள். ஏழு நாள் கப்பல் தூரத்திலிருந்து ஒருத்தி வந்து தன் வாயிலிருக்கும் சொல்லைத் திருப்பிச் சொல்வது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை, மனதுக்கு இதமாக இருந்தது. அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது.

"அங்க அத சொன்னா யாராச்சும் திட்றாங்களான்னு கேளு பாய்."

காசிம் பாய் கேட்டார். நூர்லேலா சிரித்துவிட்டு நீளமாகப் பதில் சொன்னாள், நடுவில் ஒரு இடத்தில் வாயைத் திறந்து எதுவும் வராமல் நின்று, தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இன்னும் சிரித்தாள்.

"பள்ளிக்கூடத்துல எழுதறதுக்கு வேற ஒரு வார்த்தை இருக்காம். இந்த ஊருக்கு வந்ததுலேருந்து அது வாயில வரமாட்டேங்குதாம். இத வீட்லயும் சந்தையிலயும்தான் சொல்லுவாங்களாம். பரீட்சையில எழுதினா மார்க்கு கிடையாதாம்."

"அப்ப அங்கயும் ஒரு தனஞ்செயன் கீறாரு," என்றாள் ஏகவல்லி.

காசிம் பாய் அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. இரண்டு பெண்களும் ஐஸ் பெட்டிமேல் கைவைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். செயலாளர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சொல் வந்த வழி இது. டச்சுக்காரர்களான ஒல்லாந்தர் இந்தக் கடற்கரையில் கோட்டை கட்டி இருந்த காலத்தில் அவர்களுடைய நாணயங்களிலேயே கடைக்குட்டியாக டுயிட் என்று ஒரு செம்புத் துண்டு இருந்தது. எட்டுச் சேர்ந்தால்தான் அதற்கு அடுத்த நாணயம் ஒன்றாகும். ஒரு பக்கம் கேடயத்தில் சிங்கம், இன்னொரு பக்கம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட மூன்று கும்பினி எழுத்துகள். அதே கப்பல்களில் அதே செம்பு இலங்கைக்குப் போனது, மலாக்காவுக்குப் போனது, ஜாவாவுக்குப் போனது. அந்தக் காலத்தில் பொன் வராகன்கள் இருந்தன, அவற்றுக்குக் கம்பீரமான பெயர்கள் இருந்தன. அவை பெட்டிக்குள் இருந்தன, பெட்டியோடு புதைந்தன, பெயர்கள் இப்போது கண்காட்சிக் கண்ணாடிக்குப் பின்னால் அட்டையில் இருக்கின்றன. செம்புத் துண்டுக்குப் பெட்டி வாய்க்கவில்லை. உப்புக்காரி கையிலிருந்து மீன்காரி கைக்கும், மீன்காரி கையிலிருந்து விறகுக்காரன் கைக்கும், அங்கிருந்து கள்ளுக்கடைக்கும், மறுநாள் திரும்ப உப்புக்காரி கைக்குமாக அது ஒரு நாள்கூட உட்காராமல் அலைந்தது. ஏழைகள் தங்கள் ஆயுளில் தொட்டுப் பார்த்த நாணயம் அது ஒன்றுதான், ஆகவே எல்லா நாணயத்துக்கும் அவர்கள் அதன் பெயரையே சொன்னார்கள். ஒல்லாந்தர் போனார்கள், செம்பு தேய்ந்தது, உருகியது, செல்லாததாயிற்று. பெயர் மட்டும் யார் உத்தரவும் இல்லாமல் வாய்க்கு வாய் வாழ்ந்தது. சிங்களத்தில் இருக்கிறது, மலாயில் இருக்கிறது, பெங்களூர்ப் பக்கம் கொஞ்சம் தடித்த குரலில் இருக்கிறது, அங்கே இருப்பது இதுதானா வேறா என்று பண்டிதர்கள் இன்னும் தகராறு செய்கிறார்கள். ஒல்லாந்திலேயே சந்தைப் பேச்சில் அது சாகவில்லை என்கிறார்கள். எந்த ராஜாவின் நாணயமும் இவ்வளவு வாய்களில் இவ்வளவு காலம் இருந்ததில்லை.

ஏகவல்லிக்கு இந்த வரலாற்றில் பாதிதான் காசிம் பாய் மூலம் தெரிந்தது. மீதியை அவள் ஏற்கெனவே அறிந்தவள்போல் தலையசைத்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது தெருவின் நடுவில் நடந்தாள், எதிரே வந்த டெம்போ ஒதுங்கிப் போயிற்று.

பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில் முகத்துவாரத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. முதலில் வந்தது பைசா, பேருந்து நிறுத்தத்தில் கையேந்திக்கொண்டிருந்தவர் வாயில். பிறகு காசு, பிறகு பணம், பிறகு சில்லறையும் ரொக்கமும் ஒன்றாக, கல்யாணத்துக்குப் போய்விட்டு வேனில் வந்திறங்கும் உறவினர்களைப்போலக் கசங்கிக் களைத்து வந்தன. கடைசியாக ரூபாய் வந்தது. யாரும் அவற்றை எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. வங்கி மேலாளர் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் வருத்தத்துடன் கவுண்ட்டரை மூடினார்.

ஏழு மணிக்குத் தனஞ்செயன் ஏகவல்லி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "தற்காலிகம்னு சொல்லியிருந்தேன்," என்றார்.

"சொன்ன."

"உன்ன ஒரேயடியா விலக்கணும்னு இல்ல. கம்பெனிக்காரங்க இருக்கும்போது ரூபாய்னு சொல்லு. அவங்க இல்லாதப்ப உன் இஷ்டம். மைக் உனக்குத்தான். யுகேந்திரன வேற வேலைக்கு வச்சுக்கறேன்."

உள்ளேயிருந்து ஜெகநாதன், "நல்ல மனுசன்யா நீ," என்றான். அதில் கேலி எவ்வளவு என்று கணக்கிட முடியவில்லை.

ஏகவல்லி ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஊட்டுக்கு ஒன்னு, விருந்தாளி வந்தா ஒன்னுன்னு எனக்கு ரெண்டு வாய் கெடயாதுண்ணா. அந்தப் பையனே கூவட்டும். நல்ல கொரலு."

"யோசிச்சுக்க. பத்துக் கூடைக்கு ஒரு நண்டு."

"தெரியும். நாந்தானே தின்னேன்."

செவ்வாய்க்கிழமை காலை யுகேந்திரன் மைக்கில் சரியாகவே கூவினான். ரூபாய் கணீரென்று வந்தது. ஏகவல்லி கூடத்துக்குள் போகவில்லை. பழைய ஏலம் நடந்த மணலில், கவிழ்த்துப்போட்ட படகு ஒன்றின் பக்கத்தில் போய் நின்றாள். அவளுக்கு அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை, சும்மா நிற்பதாகவே எண்ணம். உப்பங்கழியில் கையால் தடவி நண்டு பிடிக்கும் கன்னியம்மா, கூடத்துக்குப் போகிற வழியில் அவளைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த சின்னக் கூடையில் பதினோரு நண்டு இருந்தது. கூடத்து வாசலைப் பார்த்தாள், ஏகவல்லியைப் பார்த்தாள், கூடையை மணலில் வைத்தாள்.

"கூவுக்கா."

"வாங்க ஆளில்லயேடி."

"நீ கூவு. காது கீறவன் வருவான்."

ஏரிமுனையில் மணல் ஏலத்துக்கு ஒரு நியாயம் உண்டு: கூடைக்கு உடையவர் தன் அடிவிலையைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் கூவுகிறவள் எடுத்துக்கொள்வாள். "எரநூறு துட்டு," என்றாள் கன்னியம்மா, எட்டு வீட்டுக்குக் கேட்கும்படி. ஏகவல்லியின் விரல் எழுந்தது.

முதலில் கூடத்திலிருந்து வெளியே வந்தது மஞ்சள் துணி. நூர்லேலா மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள், புருவம் உயர்ந்தது. பிறகு இரண்டு வியாபாரிகள் வந்தார்கள், உள்ளே யார் தலையாட்டினார்கள் என்று தெரியவில்லை, ஒரே சண்டையாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. பிறகு ஆறு பேர். பிறகு கூடைக்காரர்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் வரிசையில் நின்று தன் முறை வந்ததும் அடிவிலையைச் சொன்னார்கள், ரூபாயும் பணமும் காசும் வாயில் பத்திரமாகத் திரும்பி இருந்தும், முன்னூறு துட்டு என்றார்கள், நானூறு துட்டு என்றார்கள், யாரும் கட்டாயப்படுத்தாமல், குரலைத் தாழ்த்தாமல் சொன்னார்கள். யுகேந்திரன் மைக்கை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழே முக்காலுக்கு வெயில் ஏறியது. தனஞ்செயனின் இரண்டு படகு நண்டும் கூடத்தில் டைல்ஸ்மேல் இருந்தன, வாங்க ஆளில்லாமல். நண்டுக்குச் சங்கமும் தெரியாது தீர்மானமும் தெரியாது, வெயில் ஏறினால் அது செத்துப்போகும், செத்த நண்டைச் சிங்கப்பூர் சீண்டாது. எட்டு மணிக்கு அவர் தன் ஆட்களோடு ஆறு கூடையைத் தூக்கிவந்து வரிசையின் கடைசியில் நின்றார். முன்னால் நின்றவர்கள் விலகி வழிவிடவில்லை, கேலியும் செய்யவில்லை. அவருடைய முறை வந்தது.

ஏகவல்லி கூடையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"ஐந்நூறு," என்றார் தனஞ்செயன். அங்கேயே நிறுத்தினார்.

அவள் விரல் அசையவில்லை. முழுசாகச் சொல்லப்படாத விலையை அவளால் எடுத்துக்கொள்ள முடியாது, அது அவருக்கும் தெரியும். அவர் கம்பெனி ஆளைப் பார்த்தார், கம்பெனி ஆள் நூர்லேலாவைப் பார்த்தார், நூர்லேலா நண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழியில் ஒரு படகு இன்ஜினை நிறுத்திவிட்டுக் கரைக்கு மிதந்து வந்தது. எல்லாச் சொற்களும் அவர் வாயில் இருந்தன, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"ஐந்நூறு துட்டு," என்றார்.

ஏகவல்லி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து ஒரு நண்டைப் புரட்டி வயிற்றை அழுத்திப் பார்த்தாள். நல்ல நண்டு, சதை கெட்டி, இன்னும் உயிர் இருந்தது. இதை ஐந்நூறோடு விடுவது தொழிலுக்கு அழகில்லை. நிமிர்ந்து, கொண்டையை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, அன்று காலை எந்தக் கூடைக்கும் எடுக்காத குரலை எடுத்துக் கூவத் தொடங்கினாள். ஒவ்வொரு தொகைக்கும் ஒரு புருவம் உயர்ந்தது, விரல் மணலில் இறங்கிக்கொண்டே இருந்தது. அந்தப் பருவத்தில் ஏரிமுனை நண்டு தொட்ட மிக உயர்ந்த விலைக்கு அவள் தனஞ்செயனின் ஆறு கூடைகளையும் விற்றுக் கொடுத்தாள்.